இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றவர்கள் குழாய் போடச் சொல்வது எதற்கு?

2024 பிப்ரவரி 4, மாலை (கேள்வி)

மாமனாருக்கு வயது 71. பித்தப்பையில் புற்றுநோய், ஈரல் வரை பரவிவிட்டது. ஆபரேஷன் கிடையாது, கீமோ தாங்க மாட்டார், இனி பேலியேட்டிவ், அதாவது கஷ்டத்தைக் குறைக்கிற வைத்தியம்தான் என்று வெள்ளிக்கிழமை கையை விரித்தார்கள். சனிக்கிழமை அதே ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் வந்து, விலாவில் ஊசி குத்தி ஈரலுக்குள் குழாய் வைக்கணும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். முதல் நாள் சொன்னது உண்மையா, மறுநாள் சொன்னது உண்மையா? எனக்கு இது பில் ஏற்றுகிற வேலையாகத்தான் தெரிகிறது. பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

பட்டவன்தான் எழுதுகிறேன். டாக்டர் இல்லை.

இரண்டும் உண்மையாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை பேசியவர் புற்றைப் பற்றிப் பேசினார். சனிக்கிழமை வந்தவர் மஞ்சள் காமாலையைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் கேள்வியில் காமாலை என்ற சொல்லே இல்லை, ஆனால் ஈரலுக்குள் குழாய் என்றால் பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும். மாமனாருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறதா, உடம்பு அரிக்கிறதா?

எங்கள் அப்பாவுக்கு 2021இல் வந்தது பித்தக்குழாயில். ஈரலின் வலப்பக்கக் குழாயும் இடப்பக்கக் குழாயும் வந்து சேரும் கவட்டையில் கட்டி. அங்கே அடைத்துக்கொண்டால் பித்தம் குடலுக்கு இறங்காமல் ரத்தத்தில் ஏறும். அது எங்களுக்குப் புரிய 3 வாரம் ஆயிற்று. கண் மஞ்சளானதும் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள், கூடவே உப்பில்லாப் பத்தியம். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. மலம் களிமண் நிறத்தில் போனது. மலம் வெளுத்துப் போனால் குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும் என்பது அப்போது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அரிப்பைச் சொல்லியாக வேண்டும். புற்றுநோய் என்றால் எல்லோரும் வலி இருக்கா என்றுதான் கேட்பார்கள். அப்பாவுக்கு வலி பெரிதாக இல்லை. அரிப்புதான் ஆளைத் தின்றது. வீட்டு ஒயரிங் வேலை பார்த்தவர், டெஸ்டர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதன் பிடியால் முதுகைச் சொறிந்து சொறிந்து பனியன் முழுக்க ரத்தப் புள்ளி. ராத்திரி 2 மணிக்கு ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அலர்ஜிக்குக் கொடுக்கிற மாத்திரை எதுவும் கேட்கவில்லை. "கேன்சர் என்னைக் கொல்றதுக்குள்ள இந்த நமைச்சல் கொன்னுடும்டா" என்றார்.

குழாய் வைத்து ஐந்தாம் ராத்திரி விடியும் வரை தூங்கினார். கட்டி அப்படியேதான் இருந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த டாக்டரிடம் கேளுங்கள்: இவருக்கு இப்போது இருக்கிற எந்தக் கஷ்டம் இதனால் குறையும்? பிலிரூபின் (ரத்தத்தில் காமாலையின் அளவு) குறையும் என்று மட்டும் பதில் வந்தால் மறுபடியும் கேளுங்கள். நம்பருக்காக ஒருவர் விலாவைத் துளைக்க வேண்டியதில்லை. அரிப்புக்காக, காய்ச்சலுக்காக, சோறு இறங்குவதற்காகத் துளைக்கலாம். காமாலை இறங்கினால் கீமோ தர முடியும் என்ற கணக்கிலும் சிலருக்குப் போடுகிறார்கள். எது உங்கள் கணக்கு என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

பிப்ரவரி 5, காலை

எப்படி வைப்பார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இதைச் செய்கிற பிரிவுக்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்று பெயர், சுருக்கமாக ஐ.ஆர். ரேடியாலஜி என்றதும் கரண்ட் வைக்கிறதுதானே என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அப்பாவே கேட்டார், "நாப்பது வருஷமா ஊருக்கெல்லாம் நான் கரண்ட் வெச்சேன், இப்ப எனக்கே வைக்கப் போறாங்களா?" இல்லை. கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சை, அது வேறு பிரிவு. இவர்கள் ஸ்கேனையும் எக்ஸ்ரேயையும் பார்த்துக்கொண்டே ஊசியையும் கம்பியையும் உள்ளே செலுத்துகிறவர்கள்.

முதலில் மெல்லிய ஊசி, 22 கேஜ். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, வலது விலா எலும்புகளுக்கு நடுவே குத்தி, வீங்கி நிற்கிற பித்தக்குழாய் ஒன்றைப் பிடிக்கிறார்கள். சாயத்தை விட்டால் திரையில் இலை உதிர்ந்த வேப்பமரம் மாதிரி குழாய்கள் தெரிகின்றன. ஊசி வழியாகக் கம்பி, பிறகு ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேலேயே குழாய். கடைசியில் கம்பியையும் உருவிவிடுவார்கள். குழாயின் நுனி பன்றி வால் மாதிரி சுருண்டு உள்ளே பிடித்துக்கொள்ளும். பெயரே பிக்டெயில்தான். அப்பாவுக்கு வைத்தது 8 மி.மீ. குழாய். கத்தி இல்லை, தையல் என்றால் குழாயைத் தோலோடு பிடித்து வைக்கிற ஒன்றிரண்டுதான், வலியும் ஊசி குத்துகிற வலிதான்.

கம்பியைப் போட்டு அதன் மேல் குழாயை ஏற்றுகிற இந்தத் தந்திரத்தை 1953இல் எழுதி வைத்தவர் செல்டிங்கர் என்ற ஸ்வீடன்காரர். அப்பாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "கன்ட்யூட் பைப்புல முதல்ல கம்பியைத் தள்ளி அப்புறம் ஒயரை இழுக்கறதில்லையா, அதேதான்" என்றார். அவரிடம் 22 கேஜ் என்று சொன்னபோதும் முழித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒயரிங்கில் 22ஆம் நம்பர் கம்பியும் அதே முக்கால் மி.மீ. பக்கம்தான்.

பிப்ரவரி 5, மதியம்

8 மி.மீ. இல்லை. பிடித்துக்கொடுத்த மதுரைக்காரருக்கு நன்றி, அவர் சொன்ன மாதிரி 8 மி.மீ. என்றால் அது தோட்டத்துக் குழாய்.

குழாய் அளவு பிரெஞ்சு என்ற கணக்கில். 3 பிரெஞ்சு சேர்ந்தால் 1 மி.மீ. ஆக 8 பிரெஞ்சு என்பது 2.7 மி.மீ. சுமார். பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் வைத்த அளவு. இதில் ஒரு வேடிக்கை. ஊசி கேஜில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், ஒயரிங்கிலும் அப்படித்தான். பிரெஞ்சில் நம்பர் கூடினால் குழாய் பருக்கும். 22இல் ஆரம்பித்து 8இல் முடித்தார்கள் என்று கேட்டதும் அப்பா பயந்தே போனார். ஒயரிங் கணக்கில் 8ஆம் நம்பர் என்றால் எர்த் கம்பி, 4 மி.மீ. பருமன்!

பிப்ரவரி 7

இன்னொரு திருத்தம், இது முக்கியமானது. வலி ஊசி குத்துகிற அளவுதான் என்று எழுதியிருந்தேன். நேற்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "உங்கிட்ட அப்படிச் சொல்லியிருப்பாரு. எங்கிட்ட உயிரு போச்சுன்னாரு" என்கிறாள். ஊசி குத்தியது பெரிதில்லையாம். துளையைப் பெரிதாக்க ஒவ்வொரு பருமனாக உள்ளே தள்ளினார்களே, அதுதான். மூச்சைப் பிடி, விடு என்று சொல்லிக்கொண்டே தள்ளும்போது தோள்பட்டை வரைக்கும் இழுத்ததாம். அப்புறம் ஒரு வாரம், கொட்டாவி விட்டாலே விலாவில் சுருக்கென்று குத்தியிருக்கிறது.

மயக்கத்துக்கும் வலிக்கும் என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்காத எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள், மகன் வந்து வலியே இல்லை என்று எழுதுவான்.

கேள்வி கேட்டவருக்கு: குழாய் போட 2 நாள் தள்ளிப் போடுகிறார்கள், அதுவும் பில்லுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, அது இல்லாவிட்டால் ரத்தம் உறைய நேரம் எடுக்கும். அந்த நிலையில் ஈரலைக் குத்தினால் ரத்தம் நிற்காது. வைட்டமின் கே ஊசி போட்டு, ரத்தம் உறைகிற நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட் பார்த்து, அப்புறம்தான் தொடுவார்கள். எங்களுக்கும் 2 நாள் ஆனது. அதோடு, வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு உள்ளேயே ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய்) வைக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். அடைப்பு கீழே இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், வெளியே பை தொங்காது. கவட்டையில் இருந்தால் விலா வழி.

பிப்ரவரி 10

குழாய் போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இனிமேல் வேலை உங்கள் வீட்டில்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் இதெல்லாம் ஒரு வரியில் இருக்கும், எங்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. வெளியே பைக்கு வருகிற குழாயானால் அத்தனையும் பைக்கே வந்துவிடலாம். கூடவே தண்ணீரும் உப்பும். அப்பாவுக்கு 700, 800 மில்லி வந்தது. நாங்கள் அளந்து நோட்டில் எழுதி, நிறைய வருகிறது, நிறைய வருகிறது என்று சந்தோஷப்பட்டோம். ஆறாம் நாள் எழுந்து நின்றவர் தலை சுற்றிக் கட்டில் காலில் சாய்ந்தார். சோடியம் தரைமட்டம். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவின் உப்பில்லாப் பத்தியம் அதுவரைக்கும் நடந்துகொண்டிருந்தது! பை வழியாக உப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, தட்டிலோ உப்பே இல்லை. காமாலைக்குப் பத்தியம் என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்து வருகிற வழக்கம், ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

டாக்டர் திட்டிவிட்டு ஓ.ஆர்.எஸ். எழுதினார், உப்புப் போட்ட கஞ்சி, ஊறுகாய் எல்லாம் தாராளமாக என்றார். ஒரு மாதமாக வாய் செத்துக் கிடந்த மனுஷன் நார்த்தங்காய் ஊறுகாயை அன்று ஒரு கரண்டி தின்றார்.

மற்றவை, நினைவுக்கு வருகிற வரிசையில்:

தோலுக்கு வெளியே குழாய் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். தினம் பாருங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் குழாய் உருவுகிறது என்று அர்த்தம். எங்களுக்கு இதைச் சொன்னது பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி.

சலைன் விட்டுக் கழுவச் சொல்லியிருந்தால் சொன்ன அளவு மெதுவாக உள்ளே விடுங்கள், எங்களுக்கு 10 மில்லி. திருப்பி இழுக்காதீர்கள். இழுத்தால் குடல் அழுக்கு மேலே ஏறும். ஏறினால் குளிர்க்காய்ச்சல்.

குளிர்க்காய்ச்சல் வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரியே கிளம்புங்கள். பித்தக்குழாயில் சீழ் பிடித்தால் அது ஓடுகிற வேகம் வேறு. அப்பாவுக்கு ஒரு தடவை ராத்திரி 11 மணிக்குப் பல் கிட்டித்தது, திண்டிவனத்திலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் பிரஷர் 80. பிழைத்தார். பையில் திடீரென்று ஒன்றுமே வராமல் நின்றுபோவதும், ரத்தமாக வருவதும் அதே ரகம்தான், போன் போட்டுவிட்டுப் புறப்பட வேண்டியது.

பை எப்போதும் விலாவுக்குக் கீழே. பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தோம், யாரோ ஒரு அம்மாள் என்ன ஜூஸா என்று கேட்டார்.

பிப்ரவரி 11

பித்தத்தைத் திரும்பக் குடிக்கச் சொல்வார்களாமே என்று கேட்டவருக்கு: உண்மைதான், சில இடங்களில் மூக்குக் குழாய் வழியாகவோ வாய் வழியாகவோ திருப்பிக் கொடுப்பதுண்டு. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, கீழாநெல்லியையே குடித்தவன், இதையும் குடிப்பேன் என்றார். தேவைப்படவில்லை.

பிப்ரவரி 16

இழை காமாலையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வலிக்கு ஐ.ஆர். என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டு 4 நாள் ஆகிறது.

என் அலுவலகத்தில் ஒரு மூத்தவர், கணையத்தில் புற்று. அவரால் மல்லாந்து படுக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் மேஜையில் தலையணையை வைத்துக் கட்டிக்கொண்டுதான் தூங்குவார். மேல்வயிற்றில் கிளம்பி முதுகைத் துளைக்கிற வலி. மார்ஃபின் ஏற்ற ஏற்ற மயக்கமும் மலச்சிக்கலும்தான் ஏறியது. அவருக்கு சீலியாக் பிளெக்ஸஸ் என்கிற நரம்பு முடிச்சில் ஆல்கஹால் செலுத்தினார்கள். மகாதமனிக்கு முன்னால், முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கிறது அந்த முடிச்சு. கணையம், ஈரல், இரைப்பை எல்லாவற்றிலிருந்தும் வலிச் செய்தி அது வழியாகத்தான் மேலே போகிறது. சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, சாயம் விட்டுச் சரிபார்த்து, ஆல்கஹாலை விட்டு நரம்பைக் கருக்கிவிடுகிறார்கள். இது புதுசு இல்லை. 1914இலேயே காப்பிஸ் என்ற ஜெர்மன் டாக்டர் இந்த முடிச்சில் மருந்து போட்டு மரக்க வைத்திருக்கிறார், அப்போது ஸ்கேன் ஏது.

நம் ஆள் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. கோயில் கமிட்டி. "கடைசியில எனக்கும் ஊத்திட்டாங்கப்பா, அதுவும் சுத்தமான சரக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிரஷர் இறங்கியது, 2 நாள் வயிற்றுப்போக்கு. இரண்டையும் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் மல்லாந்து படுத்தார். மாத்திரை நிற்கவில்லை, பாதிக்கும் கீழே குறைந்தது. 3 மாதம் போல நன்றாக இருந்தது, அப்புறம் வலி கொஞ்சம் திரும்பி வந்தது. இன்னும் முன்னாலேயே செய்திருக்கலாமே என்று அவர் மனைவிக்கு ஆதங்கம். மார்ஃபின் எல்லாம் தோற்ற பிறகுதான் இதைக் கேட்க வேண்டும் என்று இல்லை.

பிப்ரவரி 17

மார்ஃபினைக் குறைத்துப் பேசிவிட்டேனோ என்று உறுத்துகிறது. குறைத்துப் பேசவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த மலிவு மாத்திரையே போதும், ஊசி, ஸ்கேன் ஒன்றும் வேண்டாம். கிடைப்பதுதான் கஷ்டம். மார்ஃபின் அபினிலிருந்து வருவது. உலகத்தில் மருந்துக்காக அபின் விளைவிக்க அனுமதி உள்ள நாடுகளில் நாமும் ஒன்று, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் லைசென்ஸ் கொடுத்துப் பயிர் செய்கிறார்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் ஆஸ்பத்திரிகளே மார்ஃபினை வாங்கி வைக்கப் பயந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்தித் தளர்த்தினார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் சீட்டைக் காட்டினால் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

மார்ஃபின் எழுதினால் கூடவே பேதி மருந்தும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிப்ரவரி 25

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இதுவரை நான் எழுதியதைப் படித்தால் ஐ.ஆர். டாக்டர்களிடம் கமிஷன் வாங்குகிறவன் மாதிரி இருக்கிறது.

சித்திக்கு 2018இல் கர்ப்பப்பை வாய்ப் புற்று. கரண்ட் வைத்து, கீமோ கொடுத்து, திரும்ப வந்துவிட்டது. இடுப்புக்குள் கட்டி வளர்ந்து இரண்டு பக்கத்துச் சிறுநீர்க் குழாய்களையும் நெரித்தது. சிறுநீர் குறைந்துகொண்டே வந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 9. அவசரம் என்றார்கள். முதுகு வழியாக இரண்டு சிறுநீரகத்திலும் குழாய், நெஃப்ராஸ்டமி. நான்தான் கையெழுத்துப் போட்டேன். சித்தி அரை மயக்கத்தில் இருந்தாள், யாரும் அவளைக் கேட்கவில்லை.

குழாய் வேலை செய்தது. ஒரு வாரத்தில் கிரியாட்டினின் இறங்கி, ஆள் தெளிந்து எழுந்து உட்கார்ந்தாள். தெளிந்ததும் வலியும் தெளிவாகத் தெரிந்தது. சிறுநீரகம் செயலிழந்து போகிறவர்கள் பெரும்பாலும் மயங்கி, தூக்கத்திலேயே போய்விடுவார்கள் என்கிறார்கள். அந்தக் கதவை அடைத்துவிட்டு இடுப்பு வலி, நாற்றம், ரத்தப்போக்கு எல்லாவற்றுக்கும் அவளை முழித்திருக்க வைத்தோம். முதுகில் இரண்டு பக்கமும் பை, எந்தப் பக்கமும் புரள முடியாது. நாலு மாதம்.

அந்த டாக்டர் செய்ததில் தப்பில்லை, குழாய் சரியான இடத்தில்தான் இருந்தது. எந்தக் கஷ்டம் குறையும் என்ற கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்பாவின் குழாய் இல்லை, சித்தியின் குழாய்கள். போட்டிருக்கக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மார்ச் 3

சித்தி மகள் இந்த இழையைப் படித்திருக்கிறாள். நேற்று போன் செய்து அரை மணி நேரம் கிழித்தாள்.

"அண்ணா, அந்த நாலு மாசம் வேண்டாம்னு அம்மா உன்கிட்ட சொன்னாளா?" இல்லை. "அப்ப நீ யாரு சொல்றதுக்கு?"

எனக்குத் தெரியாதது இது. குழாய் போட்ட மூன்றாம் வாரம், ஆட்டோவில் இரண்டு பையையும் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, சித்தி பத்திரப்பதிவு ஆபீசுக்குப் போயிருக்கிறாள். வீட்டை மகள் பேருக்கு எழுதி வைத்திருக்கிறாள். சித்தப்பா வழிப் பங்காளிகள் அந்த வீட்டின் மேல் கண்ணாக இருந்தது எனக்குத் தெரியும், இது தெரியாது. சீட்டுப் பணம் யார் யார் தர வேண்டும் என்ற கணக்கையும் உட்கார்ந்து சொல்லி எழுத வைத்திருக்கிறாள். வலி இருந்ததா என்றால், இருந்தது, நீ சொன்ன எல்லாமே இருந்தது என்கிறாள். "ஆனா குழாயை எடுத்துடுன்னு ஒரு நாளும் சொல்லலை. வலிக்கு யாரும் ஒண்ணும் ஒழுங்கா குடுக்கலைன்னுதான் சொன்னா."

ஆக, பிப்ரவரி 25இல் எழுதியதில் கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். கேட்காமல் போட்டது தப்பு, அது அப்படியே நிற்கட்டும். போட்டதே தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. குழாய் போட்ட கையோடு வலிக்கு ஏற்பாடு செய்யாமல் அனுப்பினார்களே, நாங்களும் கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்தோமே, நான் கோபப்பட்டிருக்க வேண்டியது அதற்கு.

முன்பு ஒரு கதை படித்தேன், அது இப்போது நினைவுக்கு வருகிறது. இந்தத் துறையின் தொடக்கம் என்று 1964 ஜனவரி 16ஐச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரம், டாட்டர் என்ற டாக்டர். 82 வயது மூதாட்டி ஒருவருக்குக் கால் அழுகிக்கொண்டிருந்தது. காலை எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்ல, அந்தம்மாள் மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். அதனால்தான் டாட்டர் தொடையில் ஊசி வழியாகக் குழாய்களைச் செலுத்தி அடைத்த தமனியை விரித்துப் பார்த்தார். கால் பிழைத்தது. அவர் தனக்கு வைத்துக்கொண்ட சின்னம் என்ன தெரியுமா, குறுக்கே வைத்த ஒரு பைப்பும் ஒரு ஸ்பானரும். அப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

மார்ச் 9

வரிசையாகச் சுருக்கப் பதில்கள்.

முதுகெலும்பு நொறுங்கியதற்கு சிமெண்ட்: உண்டு. பிரான்சில் 1984இல் ஆரம்பித்தது. ஊசி வழியாக எலும்புக்குள் அக்ரிலிக் பசையை விடுவார்கள், நிமிஷக்கணக்கில் இறுகிவிடும். காலில் பலம் குறைந்தாலோ மலம் சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அது வேறு அவசரம், தண்டுவடம் நெரிபடுகிறது, அன்றைக்கே ஓடுங்கள்.

ஈரல் கட்டிக்கே நேராகக் கீமோ, அண்ணனுக்கு ஏன் மறுத்தார்கள்: இதை டேஸ் என்கிறார்கள். ஈரலுக்கு ரத்தம் முக்கால்வாசி குடலிலிருந்து வருகிற போர்ட்டல் சிரை வழி, கட்டிக்கோ பெரும்பாலும் தமனி வழி. அதனால் தமனியில் மருந்தை விட்டு அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், ஈரல் தாக்குப்பிடிக்கும். காமாலை முற்றியவர்களுக்குப் பொதுவாகச் செய்வதில்லை, உங்கள் அண்ணனுக்கு மறுத்தது அதனாலாக இருக்கலாம்.

வயிற்று நீரை எடுத்தால் திரும்பத் திரும்ப ஊறுமா: ஊறும். வாரா வாரம் ஊசி குத்துவதற்குப் பதில் தோலுக்கடியில் ஓட்டி நிரந்தரமாக ஒரு குழாய் வைக்கலாம், வீட்டிலேயே திறந்துவிடலாம். விலைதான் இடிக்கிறது.

வீட்டில் வந்து பார்க்க ஆள்: தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டுக்கே செவிலியர் வருகிற ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். எங்களுக்கு வந்த சிஸ்டர் டிரெஸ்ஸிங் மாற்றியதைவிட அம்மாவோடு பேசிக்கொண்டிருந்ததுதான் அதிகம். அதற்கே வரலாம்.

மார்ச் 20

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பிலிரூபின் 22இலிருந்து 7, அரிப்பு விட்டுவிட்டது, மாமனார் இட்லி கேட்டுச் சாப்பிடுகிறார். இப்போது மெட்டல் ஸ்டென்ட் வைத்துப் பையை எடுத்துவிடலாம் என்கிறார்களாம், பிளாஸ்டிக் மலிவாயிற்றே என்று கேட்கிறார்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் பெரிதாகப் போனால் 3 மி.மீ. சொச்சம். மெட்டல் உள்ளே போய் 10 மி.மீ. வரை விரிந்து கொடுக்கும். பருமன் அதிகம், அதனால் சீக்கிரம் அடைக்காது. எத்தனை நாள் இருப்பார் என்ற கணக்கையும் டாக்டர் மனதுக்குள் போட்டுத்தான் சொல்லியிருப்பார். அதை வாய்விட்டுக் கேட்க உங்களுக்குத் தைரியம் இருந்தால் கேளுங்கள், எனக்கு இருக்கவில்லை. காப்பீட்டில் வருமா என்று கவுண்டரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்பாவுக்கு மெட்டல்தான் வைத்தோம். நைட்டினால் என்ற கலவை, நிக்கலும் டைட்டானியமும். சுருக்கி உள்ளே விட்டால் உடம்புச் சூட்டில் பழைய உருவத்துக்கு விரிந்துகொள்கிறது. அந்தக் கம்பி கொஞ்சம் கிடைக்குமா என்று டாக்டரையே கேட்டார் அப்பா.

பை போனபின் 4 மாதம் இருந்தார். கடைசி 3 வாரம் தவிர வெளியே நடமாடினார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் கூட நடந்தது, இவர் நாற்காலியில் உட்கார்ந்து பையனை அதட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் மெயின் போர்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது, பையன் மேல் தப்பில்லை.

ஏப்ரல் 2

ஸ்டென்ட்டுக்கு இன்னும் 10 நாள் ஆகும், அதுவரைக்கும் பையை எங்கே மாட்டுவது, ஊக்கு போட்டால் கழன்று விழுகிறது என்று மாமியார் கேட்கிறாராம்.

8ஆம் நம்பர் எர்த் கம்பி ஒரு முழம் வாங்குங்கள், எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். இங்கிலீஷ் எஸ் மாதிரி வளையுங்கள். மேல் வளைவு கட்டில் சட்டத்தைப் பிடிக்கிற அளவுக்கு அகலமாக, கீழ் வளைவு சின்னதாக. நுனி இரண்டையும் உள்பக்கம் மடக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போர்வை மாட்டிக் குழாயை இழுக்கும். அப்பா செய்தது இன்னும் எங்கள் வீட்டுக் கட்டிலில் தொங்குகிறது, அம்மா அதில் டார்ச் மாட்டியிருக்கிறாள். பை தரையில் படக் கூடாது. குழாய் விறைக்கக் கூடாது, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஒரு சாண் தளர்வாக இருக்க வேண்டும். படுக்க வைத்துத் திரும்பச் சொல்லி அளந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள்.